பதினோராவது கட்டம்

எங்கள் பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேட்டில் ஒரு பக்கத்துக்குப் பதினான்கு கட்டங்கள். மணமகன், மணமகள், அவளுக்காகப் பொறுப்பேற்கும் ஆண் உறவு, சாட்சிகள், மணமகன் தரும் மஹர் என்று வரிசையாக வந்து பதினோராவது கட்டத்தில் 'நிபந்தனைகள் இருப்பின்' என்று அச்சடித்திருக்கும். அதில் யாரும் எதையும் எழுதியதில்லை. புதுப் பதிவேடு வந்ததும் ஜமாஅத் செயலாளர் காஜா முகைதீன் அண்ணாச்சி ஸ்கேலும் சிவப்பு மைப் பேனாவுமாக உட்கார்ந்து, நூறு பக்கத்திலும் அந்தக் கட்டத்தின் குறுக்கே கோடு போட்டுவிடுவார். கல்யாணத்தன்று அத்தனை வேலை மிச்சம் என்பார்.

அந்தக் கட்டத்தில் எழுதித் தந்தால்தான் என்னைக் கட்டிக்கொள்வேன் என்றாள் ரைஹானத்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் ஒன்பது பாடங்களைப் பாக்கி வைத்து நின்றவன். ஜங்ஷனில் ஒரு மாடியில் வேலை, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை. நகைக்கடை, கிடங்கு, ஏ.டி.எம். என்று இருபத்து நான்கு கேமராக்களின் படம் என் முன்னால் ஓடும். ஆள் இல்லாத அறைகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆள் தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும். ஆறு வருடத்தில் நான்கு தடவை அமுக்கியிருக்கிறேன். அதில் மூன்று தடவை பூனை.

வாப்பா நான் படிக்கும்போதே போய்விட்டார். உம்மா மௌத்தாகி மூன்று வருடம். எங்கள் தெருவில் பெண் வைத்திருப்பவர்கள் துபாய் மாப்பிள்ளையைக் கேட்பார்கள். கிடைக்காவிட்டால் கடை வைத்திருப்பவனைக் கேட்பார்கள். இரவில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவனை யாரும் கேட்கவில்லை. ரைஹானத்தின் அண்ணன் அகமது மீரான் கேட்டதற்குக் காரணம், அவளுக்கு இது இரண்டாவது கல்யாணம்.

அவர் வீட்டு முன்னறையில் என்னை உட்காரவைத்து, சர்பத் கொடுத்து, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு, "மாப்ள, அவ ஒரு விசயம் கேக்கணும்ங்கா. தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்றார்.

அவள் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பத்து நான்கு வயது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. நேராகப் பார்த்துப் பேசினாள்.

"வெளிநாடு போவீங்களா?"

"பாஸ்போர்ட்டே கிடையாது."

"அது பத்து நாள்ல எடுத்துரலாம்."

"போக மாட்டேன். சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேண்டாம். முன்ன ஒருத்தர் அழுதுக்கிட்டே பண்ணுனாரு. அவர் கண்ணீரைத் தொடச்சதே நான்தான்."

முதல் புருஷன் கல்யாணமான நாற்பதாம் நாள் சவூதிக்கு, தம்மாம் போனவன். ஏழு வருடத்தில் இரண்டு தடவை வந்தான். பிறகு போனை எடுப்பதை நிறுத்தினான். விட்டுவிடு என்று இவள் கேட்டதற்கும் பதில் இல்லை. அவனிடமிருந்து விடுதலை வாங்க நான்கு வருடம் ஜமாஅத் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். தொழுகைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்களாம்.

"மறுபடி அந்த பெஞ்சுல உக்கார என்னால ஆகாது. என்னைக் கூட்டிட்டுப் போகாம ஆறு மாசத்துக்கு மேல பிரிஞ்சிருந்தா, உங்களையும் கேக்க வேண்டாம், ஜமாஅத்தையும் கேக்க வேண்டாம், நானா விலகிக்கிடலாம்னு எழுதணும். நிக்காஹ் புத்தகத்துல."

"எழுதுங்க" என்றேன். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. நான் எங்கே போகப் போகிறேன்.

அகமது மீரான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இதற்கு முன் இரண்டு பேர் சர்பத்தை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

காஜா முகைதீன் அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்து எங்கள் பக்கத்தைக் காட்டினார். சிவப்புக் கோடு பளிச்சென்று கிடந்தது.

"ஏலே இர்ஷாத், பாரு. அடிச்சாச்சு. அடிச்ச கட்டத்துல எழுதுனா நாளைக்கு எவனாவது திருத்தல்னு கேஸ் போட்டுருவான்."

"அடிச்சது யாரு?"

"நாந்தான். அதுக்கென்னலே? முப்பது வருசமா அடிக்கேன். ஒருத்தன் கேக்கலியே."

பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத் மூலையில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கீழக்கரைப் பக்கத்து ஆள். அதிகம் பேசமாட்டார்.

"நிபந்தனை போட ஷரீஅத்துல இடம் இருக்கு. அந்தப் புள்ள கேக்கறது நியாயமான ஷர்த்துதான்" என்றார்.

"இடம் இருக்கு ஹஜ்ரத், புத்தகத்துல இடம் இல்லியே."

"மேல ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி எழுதும்வே."

அண்ணாச்சி மேசை இழுப்பறையில் கோந்தைத் தேடினார்.

"ஒண்ணு. எழுதினா சபையில வாசிக்கணும். சாட்சிங்க காதுல விழாதது நிபந்தனை ஆகாது" என்றார் ஹஜ்ரத்.

இந்தச் செய்தியைச் சொல்ல மறுநாள் காலை எட்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனேன். எனக்கு அது நாள் முடிகிற நேரம், அவளுக்குத் தொடங்குகிற நேரம். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பாளையங்கோட்டை போகும் குமாஸ்தாக்களும் நின்றார்கள். அவள் குடையோடு ஓரமாக நின்றாள்.

"வாசிப்பாங்களாம். உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"வாசிக்கிறதுக்குத்தான நான் எழுதச் சொன்னேன்" என்றாள். பிறகு, "உங்களுது என்ன?" என்று கேட்டாள்.

"எது?"

"நிபந்தனை. எனக்கு ஒண்ணு இருக்குல்லா. உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

நல்ல வார்த்தையைச் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் பெருமையாக வைத்திருந்தது அது ஒன்றுதான். யாரிடமும் எதையும் கேட்டதில்லை. உம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட சின்னம்மா வீட்டில் ஒரு வேளைச் சோறு கேட்டதில்லை.

அவள் முகம் மாறிவிட்டது.

"அவரும் இப்படித்தான் சொன்னாரு. ஒண்ணும் வேண்டாம், நீ வந்தாப் போதும்னு. ஒண்ணும் வேண்டாதவருக்கு நான் இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? ஈசியா எந்திரிச்சுப் போயிட்டாரு."

"அப்படியில்ல..."

"அடுத்த ஞாயித்துக்கிழமை நிக்காஹ். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணு எழுதிட்டு வாங்க. சின்னதா இருந்தாலும் சரி. பொய்யா எழுத வேண்டாம்."

பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

சமையல் நன்றாக இருக்க வேண்டும் என்று எழுதலாமா என்று பார்த்தேன். பொய். மூன்று வருடமாகக் கடைச் சாப்பாடு, நாக்கு செத்துவிட்டது. வேலையை விடக் கூடாது, விட வேண்டும், இரண்டும் எனக்கு ஒன்றுதான். சொந்தக்காரர்களை மதிக்க வேண்டும் என்று எழுதலாம், நானே மதிப்பதில்லை. நான்கு நாள் அந்தத் திரைகளைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். இருபத்து நான்கு அறைகள், ஒன்றிலும் ஆள் இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு அறையும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்து கையெழுத்துப் போடும்போது வாட்ச்மேன், "நாலாம் நம்பர், சாவியைக் குடுத்துட்டுப் போ" என்றான். எங்கள் அலுவலகத்தில் ஆட்களை உட்காரும் மேசையின் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வழக்கமான பேச்சு. ஆற்றுப் பாலத்தில் நடந்து வரும்போது, என் பெயரைக் கடைசியாக யார் சொன்னார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஜமாஅத் அலுவலகத்தில் அண்ணாச்சி சொன்னார், திட்டுவதற்கு. அதற்கு முன்னால் ரேஷன் கடையில் வாசித்தார்கள். அதற்கு முன்னால் உம்மா. நான் பகலில் தூங்குகிறவன். சாயங்காலம் அவள்தான் எழுப்புவாள். தட்ட மாட்டாள், உலுக்க மாட்டாள், வாசலில் நின்று பெயரைச் சொல்வாள். மூன்று வருடமாகப் போன் அலாரம் எழுப்புகிறது. எழுந்ததும் அஸ்தமிக்கிற நேரமாக இருக்கும், வீட்டில் விளக்குப் போட்டிருக்காது. அந்த ஐந்து நிமிடம் இருக்கிறதே, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்குப் போய் ஒரு தாளில் எழுதினேன். 'தினமும் மாலை ஐந்தரை மணிக்கு மணமகள் என்னை இர்ஷாத் என்று பெயர் சொல்லி எழுப்ப வேண்டும்.' எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. 'இங்கருங்க' என்பார்கள், 'எங்க வீட்டு ஆளு' என்பார்கள். அது தெரிந்துதான் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை நிறுத்தத்தில் அதைக் கொடுத்தேன். அவள் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள் என்று நினைக்கிறேன். நான் எதிரில் இருந்த டயர்க் கடையைப் பார்த்தேன்.

"நான் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்துருவேன். நீங்க எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"ஒம்பதே காலுக்கு."

"அஞ்சரையில இருந்து ஒம்பதே கால். போதும். எனக்கு முன்ன அதுவும் இல்ல."

தாளை மடித்து என்னிடமே கொடுத்தாள். "அண்ணாச்சிகிட்ட குடுத்துருங்க, என்னுதுக்குக் கீழ எழுதட்டும். ஞாயித்துக்கிழமை கொஞ்சம் நேரத்தோட எழுப்புனா கோவப்பட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

பேருந்துப் படியில் கால் வைத்தவள் திரும்பி, "வாரேன், இர்ஷாத்" என்றாள். சத்தமாக இல்லை. கண்டக்டர் விசில் ஊதினான். அவ்வளவுதான். அன்று பகல் முழுவதும் நான் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். அறுபது, எழுபது பேர் வந்திருந்தார்கள். பள்ளிவாசலுக்குப் பின்னால் நெய்ச்சோறும் தாளிச்சாவும் வெந்துகொண்டிருந்தன. நான் புதுச் சட்டையில் அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தேன். என் சின்னம்மா மகன் ஆமிர் கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்தவன், எனக்குத் துணையாக நின்றான். இன்னும் பத்து, இருபது பேர் வாசலிலும் ஜன்னலிலும் நின்றார்கள்.

எங்கள் வழக்கப்படி பதிவேடு முதலில் பெண் வீட்டுக்குப் போகும். அண்ணனும் இரண்டு சாட்சிகளும் கொண்டுபோய்ப் பெண்ணிடம் சம்மதம் கேட்டு, கையெழுத்து வாங்கி வருவார்கள். அதன் பிறகுதான் சபையில் வாசித்து மாப்பிள்ளையிடம் ஒப்புக்கொடுப்பார்கள். பெண் வீடு அடுத்த தெருவில்.

அனுப்புவதற்கு முன் ஒரு தடவை சரி பார்க்க அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார். ஒட்டிய தாளின் ஓரம் பெயர்ந்து நின்றது. அதற்கடியில் பழைய சிவப்புக் கோடு லேசாகத் தெரிந்தது. நான் கொடுத்த தாளைப் பார்த்து எழுதியது அவருடைய மகன். அண்ணாச்சி இப்போதுதான் வாசிக்கிறார். அவளுடையதை முணுமுணுப்பாக வாசித்தார். என்னுடையதுக்கு வந்ததும் குரல் ஏறியது.

"மாலை அஞ்சரை மணிக்கு... இர்ஷாத் என்று... பேர் சொல்லி... என்னலே இது?"

ஆமிர் முதலில் சிரித்தான். "அண்ணே, அலாரத்துக்கா பொண்ணு கட்டுதே?"

ஜன்னலில் நின்ற ஒருவர், "பள்ளிக்கூடம் போற புள்ளைய எழுப்புத மாதிரில்லா இருக்கு. பால் குடுக்கணும்னு எழுதலியாவே?" என்றார்.

"பேர் சொல்லிக் கூப்பிடணுமாம்லே! நம்ம வீட்டுல எல்லாம் நாயைத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுதாளுவ."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கல்யாண வீட்டுச் சிரிப்புதான். அண்ணாச்சிகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இதை மைக்குல வேற வாசிக்கணும். தெரு பூரா கேக்கும்லே."

என் காது சூடாகிவிட்டது. மைக்கின் புனல் மினாராவில் இருக்கிறது. மேலப்பாளையத்தில் பாதிப் பேருக்குக் கேட்கும். சாயங்காலம் நான் தெருவில் நடந்தால், டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஐந்தரை ஆச்சா என்று கேட்பார்கள். ஐந்து வருடம் கேட்பார்கள்.

"அதை அடிச்சிருங்க அண்ணாச்சி" என்றேன். "அவ கேட்டது மட்டும் இருக்கட்டும்."

"நிசமாவா?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். அடிங்க."

அவருக்கு அது கைவந்த வேலை. ஸ்கேலை எடுத்தார், சிவப்புப் பேனாவை எடுத்தார், ஒரே இழுப்பு. அகமது மீரான் பதிவேட்டை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு சாட்சிகளோடு போனார்.

கால் மணி நேரத்தில் திரும்ப வேண்டியவர்கள். அரை மணி நேரம் ஆயிற்று. ஹஜ்ரத் இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு என் போன் அடித்தது. அவளுடைய எண்.

"அடிச்சது யாரு?" என்று கேட்டாள்.

நான் அறையின் மூலைக்குத் திரும்பி நின்றேன். பின்னால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"நான்தான் சொன்னேன். உங்களுது அப்படியே இருக்குல்லா."

"என்னுது இருக்கறது எனக்குத் தெரியுது. நான் உங்களுதைக் கேக்கேன்."

"இங்கன எல்லாரும் கேலி பண்ணுனாங்க."

"என்னையும் தான் பண்ணுனாங்க. நாலு வருசம், பெஞ்சுல." அவள் குரலில் கோபம் இல்லை. அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தைச் சரிபார்ப்பது போலப் பேசினாள். "அது பொய்யா எழுதுனதா?"

"இல்ல."

"வேணுமா, வேண்டாமா?"

"வேணும்" என்றேன், பைய. பின்னால் யாருக்கும் கேட்காத அளவுக்கு.

"அப்ப அண்ணாச்சியை மறுபடி எழுதச் சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடுதேன். மைக்குல வாசிக்கட்டும். நான் இங்கன இருந்து கேக்கேன்."

அது மிகச் சின்ன வேலை. திரும்பி அண்ணாச்சியைப் பார்த்து, மறுபடி எழுதுங்க என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். திரும்பினேன். ஆமிர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான். ஜன்னலில் முன்னைவிட அதிகம் முகங்கள். அண்ணாச்சி கையில் பேனா தயாராக இருந்தது. அவர் எழுதியிருப்பார், நான் சொல்லியிருந்தால் போதும். போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் அவள் வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்த சத்தமும் கேட்டது. வாயைத் திறந்தேன். அந்த இரண்டு வார்த்தை வரவில்லை.

"சரி" என்றாள் ரைஹானத். வைத்துவிட்டாள்.

பிறகு அழைப்புப் பட்டியலில் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஐம்பது நொடி. அதில் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது.

அகமது மீரான் பதிவேட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். கையெழுத்து இல்லை. என்னைத் திட்டவில்லை, அண்ணாச்சியையும் திட்டவில்லை. "அவ போதும்ங்கா" என்றார். நிபந்தனை போட்டுக் கல்யாணம் பண்ணினால் இப்படித்தான் என்று ஒருவர் தொடங்கினார். ஹஜ்ரத், "நிபந்தனையாலயா நின்னுச்சு?" என்று கேட்டார். வெந்த சோற்றை வீணாக்க முடியாது என்று எல்லோருக்கும் பரிமாறினார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன், தின்றேன். தாளிச்சா நன்றாகத்தான் இருந்தது.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. கல்யாணத்துக்கு முன் இப்படி எழுதி வாங்குவது சரியா என்று எங்கள் தெருவில் இன்னும் பேசுகிறார்கள். நம்பிக்கை இல்லாதவர்கள் செய்கிற வேலை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு ஆளுக்கு என்ன வேண்டும் என்று முன்னாலேயே தெரிவது நல்லதுதான். எனக்கு என்ன வேண்டும் என்று அந்தத் தாளில்தான் எனக்கே தெரிந்தது. தெரிந்த பிறகு அதை நாலு பேர் முன்னால் வைத்திருக்க முடியாதவனை ஆறு மாத நிபந்தனை என்ன செய்யும்? அவளுக்கு அந்த அரை மணி நேரத்தில் விளங்கிவிட்டது. பெஞ்சில் நான்கு வருடம் உட்கார்ந்தவளுக்கு ஆட்களைப் பார்க்கத் தெரியும்.

போன மாதம் ஒரு சான்றிதழுக்காக ஜமாஅத் அலுவலகம் போனேன். மேசையில் புதுப் பதிவேடு இருந்தது. அண்ணாச்சி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தபோது புரட்டினேன். பதினோராவது கட்டம் எல்லாப் பக்கத்திலும் வெறுமையாக இருந்தது. ஏன் கோடு போடவில்லை என்று நான் கேட்கவில்லை. அவராகவே, "மூணு புள்ளைவ எழுதிட்டாளுவலே. கோந்து வாங்கியே காசு தீருது" என்றார். என் பக்கம் பார்க்காமல் முத்திரையை ஊதி, தாளில் குத்திக் கொடுத்தார்.

ரைஹானத் இப்போதும் எட்டு மணிக்கு அதே நிறுத்தத்தில்தான் நிற்கிறாள். நான் ஆறே முக்கால் பேருந்திலேயே வந்து, முந்தின நிறுத்தத்தில் இறங்கி, பின் தெரு வழியாக வீட்டுக்குப் போய்விடுகிறேன். யாரும் சொல்லிச் செய்வதல்ல.

காலை பத்து மணிக்குப் படுக்கிறேன். ஐந்தரைக்கு அலாரம். அலாரத்துக்கு ஒரு பெயர் வைக்கலாம் என்று இந்தப் போனில் இருக்கிறது. என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். அது வாயால் சொல்லாது, இருட்டில் திரையில் வெளிச்சமாக வரும், அவ்வளவுதான். விரலால் தள்ளினால் போய்விடும். பத்து நிமிடம் கழித்து மறுபடி வரும்.